எரேபஸ் மலையின் வெந்நிலம்

அண்டார்க்டிகாவின் ராஸ் தீவில் 3,794 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது எரேபஸ் எரிமலை. 1841-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கண்டபோது அது சீறிக்கொண்டிருந்தது. இன்றும் அதன் வாய்க்குள் எரிமலைக்குழம்பு ஏரி ஒன்று தளதளத்துக் கொண்டிருக்கிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு முகட்டுக்கு டிராம்வே ரிட்ஜ் என்று பெயர். கோடையிலும் காற்று உறைநிலைக்கு வெகு கீழே இருக்கும் அந்த இடத்தில், சில திட்டுகளில் மண்ணின் வெப்பநிலை 65 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது.

ஆழத்து வெப்பத்தால் எழும் நீராவி பாறை வெடிப்புகளின் வழியே ஏறி, மேற்பரப்பை நெருங்கும்போது குளிர்ந்து நீராகிறது. அப்படி நீராகும்போது, தான் சுமந்துவந்த வெப்பத்தை மண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது. உயிர்கள் வாழத் தேவையான, ஆனால் அண்டார்க்டிகாவில் மிக அரிதான இரண்டு பொருள்கள், வெதுவெதுப்பும் திரவ நீரும், இங்கே ஒரே நிகழ்வில் சேர்ந்து கிடைக்கின்றன. ஆகவே வெப்பம் விரும்பும் பாக்டீரியாக்களும் நீலப்பச்சைப் பாசிகளும் மண்ணின் மேல் மெல்லிய படலமாகப் படர்ந்திருக்கின்றன. இலை விடாமல், வளர்ச்சியின் தொடக்கமான நூலிழைப் பருவத்திலேயே நின்றுவிட்ட ஒரு மாஸ் (moss) வகைச் சிறுதாவரமும் அங்கே உண்டு என்பது எனக்குத் தீராத வியப்பு. இந்தத் திட்டுகளிலிருந்து சில மீட்டர் தள்ளிப் போனால் உறைந்த நிலம்தான்.

இந்த முகட்டைக் காப்பதில் உள்ள சிக்கலுக்குக் காரணமும் அந்த வெதுவெதுப்பே. நம் காலணியிலும் உடையிலும் ஒட்டிச் செல்லும் நுண்ணுயிர்கள் பனிப்பரப்பில் விழுந்தால், பெரும்பாலும் குளிரே அவற்றைப் பெருகவிடாமல் தடுத்துவிடும். இங்கே விழுந்தால் அவை பிழைத்துப் பெருகக்கூடும், அதன்பின் எது மலையின் சொந்த உயிர், எது வந்தேறி என்று பிரித்தறிவது கடினம். மென்மையான மண் காலடி பட்டாலே நொறுங்கிவிடும் என்பது அடுத்த கவலை.

அதனால் அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகள் இதைச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக்கின. 2014-இல் அண்டார்க்டிகாவிலேயே உள்ள மெல்போர்ன் எரிமலையின் உச்சி உள்ளிட்ட பிற வெந்நிலங்களோடு சேர்த்து 175-ஆம் எண் பகுதியாக்கின. உரிமம் பெற்ற ஆய்வாளர்கள் மட்டுமே, தூய்மைப்படுத்திய கருவிகளோடும் கிருமிநீக்கிய மேலுடையோடும் உள்ளே செல்லலாம். முகட்டின் ஒரு பகுதிக்குள் அவர்களும் நுழைய முடியாது. மனிதர் நடமாடும் பகுதி எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஒப்பிட்டு அறிவதற்காக அது தீண்டப்படாமல் விடப்பட்டிருக்கிறது.