வெயிலில் எடுத்த முகங்களும் நாம் சொல்லும் கருத்துகளும்

வெளிப்புறத்தில் எடுத்த போர்ட்ரெய்ட் (ஒருவரின் முகத்தை மையமாக்கிய படம்) ஒன்றைக் காட்டிக் கருத்துக் கேட்டால், நம் ஊரில் பெரும்பாலும் வருகிற பதில்கள் இரண்டுதான். ஒன்று, "சூப்பர்". மற்றொன்று, "முகம் கறுப்பாக இருக்கிறது, கொஞ்சம் வெளுப்பாக்கியிருக்கலாம்". முதல் பதிலிலிருந்து எடுத்தவர் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. இரண்டாவது பதில், படத்தில் உள்ள ஒளியின் குறையையும் படத்தில் இருப்பவரின் தோல் நிறத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. பயிற்சி வகுப்புகளில் மாணவர்களின் படங்களைத் தொடர்ந்து பார்த்துவருபவன் என்ற முறையில், இந்தக் குழப்பம் நல்ல படங்களைக் கெடுப்பதையும், படத்தில் இருப்பவர் மனம் நோவதையும் நான் அடிக்கடி காண்கிறேன்.

முகம் இருண்டு தெரிவதற்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத காரணங்கள் உண்டு. சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மத்தியிலும் வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் நண்பகல் ஒளி ஏறத்தாழச் செங்குத்தாகவே விழுகிறது. அப்போது புருவத்தின் நிழல் கண்குழியை மூடிவிடும், மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழும். இது ஒளியின் திசையால் வருவது. இன்னொன்று கேமராவின் கணிப்பால் வருவது. கேமராவின் ஒளி அளவி, தன் முன் இருக்கும் காட்சியை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவர முயல்கிறது; ஆகவே வெள்ளை வேட்டியோ பிரகாசமான கடற்கரை வானமோ சட்டகத்தை நிறைத்தால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். தென்னந்தோப்பின் அடர்நிழல் பின்னணியாக இருந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: முகத்தில் வெளிச்சம் மிகுந்து, நெற்றித் தோலின் நுணுக்கங்களே அழிந்துவிடும். அந்தப் படத்தைத்தான் நாம் "பளிச்சென்று இருக்கிறது" என்று பாராட்டுகிறோம். மூன்றாவது நிலையில் குறையே இல்லை. ஒளி சரியாக விழுந்திருக்கிறது, அளவும் சரி, அந்த மனிதரின் நிறம் அதுதான். கருத்துச் சொல்பவர் இம்மூன்றில் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் வாய் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வெளுப்பை நோக்கிய இந்தச் சாய்வு நம்மோடு தொடங்கியதன்று. ஃபிலிம் காலத்தில் ஆய்வகங்களில் தோல் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் வழங்கிய "ஷெர்லி கார்டு"களில் வெகுகாலம் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படமே இருந்தது. வெவ்வேறு நிறத்தவரைக் காட்டும் கார்டுகள் பரவலாக வந்தது 1990களில்தான். இன்று நம் கைப்பேசிகளின் அழகூட்டும் வசதியும், விலைக்கு வாங்கும் ப்ரீசெட்டுகளும் (படத்தின் நிறத்தையும் ஒளியையும் ஒரே சொடுக்கில் மாற்றும் ஆயத்த அமைப்புகள்) தோலை வெளுப்பாக்கும் வேலையைச் சத்தமில்லாமல் செய்துவருகின்றன. திருமண ஆல்பங்களைப் புரட்டினால் முகம் ஒரு நிறத்திலும் தாலி பிடித்த கை வேறு நிறத்திலும் இருப்பதைக் காணலாம். எனவே படத்தின் நிறத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்புபவர் முதலில் கழுத்தையும் கைகளையும் பார்க்க வேண்டும். அவை முகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், சொல்லப்பட வேண்டிய குறை அதுதான்.

இதே வேறுபாட்டை மற்ற குறைகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். "மூக்கு பெரிதாகத் தெரிகிறது" என்பது ஆளைப் பற்றிய பேச்சு. கைப்பேசியின் அகலக் கோணக் கேமராவை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் யாருடைய மூக்கும் பெரிதாகவே தெரியும். "நான்கடி பின்னால் நின்று, சற்று ஜூம் செய்து எடுத்துப் பாருங்கள்" என்று சொன்னால் எடுத்தவருக்கு அடுத்த முறை செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. "கண் தெளிவில்லை" என்று நிறுத்துவதைவிட, ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில் 85 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8 என்ற அளவுக்கு அகலத் திறந்து 2 மீட்டர் தூரத்தில் எடுக்கும்போது ஏறத்தாழ 6 செ.மீ. ஆழம் மட்டுமே தெளிவாக இருக்கும் என்பதையும், முகம் திரும்பியிருந்தால் ஒரு கண் அதற்கு வெளியே போய்விடும் என்பதையும் சொல்லி, துளையைச் சுருக்கி எஃப் 4ஐ முயன்று பார்க்கச் சொல்வது உதவும். வேப்பமர நிழலில், புல்தரையில் எடுத்த படங்களில் தாடையின் கீழ் பச்சை படர்ந்து தோல் நோயுற்றதுபோல் இருக்கும். அதற்கு மருந்து, நிழலின் விளிம்புக்கு வந்து முகத்தைத் திறந்த வானத்தின் பக்கம் திருப்புவதும், நம் ஸ்டூடியோக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதுபோல் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை மார்பளவில் பிடிப்பதும்தான்.

"கோல்டன் ஹவரில் எடுத்திருக்கலாமே" என்ற அறிவுரையை, அதாவது சூரியன் தாழ்ந்திருக்கும் மென்வெயில் நேரத்தைப் பரிந்துரைப்பதை, மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். சென்னையில் சூரியன் தொடுவானத்துக்கு 6 பாகை (டிகிரி) மேலிருந்து இறங்கி மறைய ஏறத்தாழ 25 நிமிடங்களே ஆகின்றன; கோடைகால லண்டனில் இதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். அங்கிருந்து வரும் காணொளிகளைப் பார்த்து இங்கே திட்டமிடுபவர் ஏமாந்துபோவார். மேலும் முகூர்த்தம் முற்பகலில் முடிந்து, உறவினர்கள் பந்திக்குக் காத்திருக்கும் வேளையில் எடுத்த படத்துக்கு அந்திவெயிலைப் பரிந்துரைப்பதில் பயனில்லை. எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு அவகாசத்தில் எடுத்தார் என்று கேட்டுவிட்டு, அந்த மண்டபத்தின் தாழ்வாரத்திலோ வீட்டின் திண்ணையிலோ என்ன செய்திருக்க முடியும் என்பதைச் சொல்ல வேண்டும்.

கருத்தைப் பெறுபவருக்கும் சில கடமைகள் உண்டு. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படம் சுருக்கப்பட்டுவிடும், ஆகவே ஆவணமாக அனுப்புங்கள். இருட்டறையில் முழு வெளிச்சத்தில் ஒளிரும் திரையில் திருத்திய படம் மற்றவர் கையில் மங்கலாகத்தான் தெரியும். கருத்து வரும்போது உடனே விளக்கம் சொல்லத் தொடங்காமல், "முதலில் உங்கள் கண் எங்கே போனது?" என்று மட்டும் கேளுங்கள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பின்னணியில் நிற்கும் மின்கம்பத்துக்குப் போனது என்று ஒருவர் சொன்னால், அதைவிடப் பயனுள்ள பதில் வேறில்லை. இவற்றுக்கெல்லாம் முன்பே, படத்தில் இருப்பவரிடம் அதைப் பிறர் முன் வைத்து விவாதிக்க அனுமதி வாங்கியிருக்க வேண்டும். குழந்தையானால் பெற்றோரிடம் வாங்க வேண்டும்.

படத்தில் இருப்பவரே அதைப் பிடிக்கவில்லை என்று சொல்வது தனி வகை. நம் முகத்தை நாம் கண்ணாடியில் இடவலம் மாறியே பார்த்துப் பழகியிருக்கிறோம். படத்தில் வகிடு மறுபக்கம் தெரியும்போது ஏதோ தவறியதாகத் தோன்றுவது இயல்பு என்று பொறுமையாக விளக்கலாம். ஆனால் "வெளுப்பாக்கிக் கொடுங்கள்" என்று கேட்பவரிடம் நான் உபதேசம் செய்வதில்லை. கண்களுக்கும் கன்னத்துக்கும் சற்றே ஒளி கூட்டி, நிறத்தைத் தொடாத ஒரு படியையும், அவர் கேட்டபடி வெளுப்பாக்கிய ஒரு படியையும், கைகள் தெரியும்படி அருகருகே வைத்துக் காட்டுகிறேன். பலர் முதல் படியையே எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் இரண்டாவதையே கேட்பார்கள். படம் அவர்களுடையது, கொடுத்துவிடுகிறேன், ஆனால் என் மாதிரித் தொகுப்பில் அந்தப் படியைச் சேர்ப்பதில்லை.