மின்வெட்டும் நான்கு வெற்றுக் கோப்புகளும்

நோர்வூட்டில் மழை பிடித்துக்கொண்டால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. காசல்றீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் ஊருக்கெல்லாம் விளக்கேற்றுகிறது; பக்கத்திலேயே இருக்கும் எங்கள் வீட்டுக் கம்பியில் ஒரு கிளை முறிந்து விழுந்தால் போதும், இருட்டு. பற்றரி செத்துப்போன மடிக்கணினியில் லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளை, எழுதியவர்களின் மூலநிரலிலிருந்தே கட்டத் தொடங்கியபோது இதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நிறுவத் தயாரான பொதி இலவசமாகக் கிடைக்கும்போது எதற்கு இந்த வேலை? அதன் மெனுப் பட்டியிலுள்ள ஒரு தமிழ்ச் சொல்லை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு மூலநிரல் வேண்டும். ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் எழுதிய மென்பொருளை சன் நிறுவனம் 1999இல் வாங்கி, 2000இல் நிரலைத் திறந்துவிட்டது. அதிலிருந்து 2010 செப்டெம்பரில் பிரிந்ததே லிப்ரே ஒபிஸ். நிரலுக்குள் கிடந்த ஜெர்மன் குறிப்புகளை ஆங்கிலமாக்கவே தன்னார்வலர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

நிரல், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியத்தில் இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட், கோப்புகளோடு அவற்றின் முழு வரலாற்றையும் சேர்த்து இறக்கும். ஜிகாபைட் கணக்கில் வரும் இந்த இறக்கம் நடுவழியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மீண்டும் முதலிலிருந்துதான். மலைக்குப் பின்னால் ஒளிந்து விளையாடும் சமிக்ஞையை வைத்துக்கொண்டு இதைச் செய்வது வீண். வரலாற்றின் ஆழத்தை ஒன்று என்று கிட்டிடம் குறிப்பிட்டு, கடைசி நிலையை மட்டும் வாங்கலாம். அல்லது ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பரிடம் பென் டிரைவில் வாங்கலாம். நான் செய்தது இரண்டாவது.

நண்பரின் பிரதியை எப்படி நம்புவது? ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட் இடும் பெயர், அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டுப் பெறும் 40 இலக்கக் குறி. முந்திய மாற்றத்தின் குறியும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே கடைசிக் குறி அதிகாரபூர்வக் களஞ்சியத்தின் குறியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, உள்ளே இருப்பவற்றையும் கிட்டைக் கொண்டே ஒருமுறை சரிபார்த்தால் போதும். எங்கோ ஓர் எழுத்து மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, கட்டுவதற்குக் கணினி தயாரா என்று பார்க்கும் ஆட்டோஜென். கணினியில் எந்தக் கருவி இல்லை என்று அது ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி நிற்கும். இன்று ஜிபெர்ஃப், நாளை பைசன். தமிழ் இடைமுகம் வேண்டும் என்பதையும் இங்கேதான் சொல்ல வேண்டும். பிறகு 'மேக் ஃபெட்ச்' என்ற கட்டளை, வெளியார் எழுதிய நூலகங்களை (ஆயத்த நிரல் தொகுதிகளை) மட்டும் இறக்கித் தரும். இதை அட்டன் நகரில் நல்ல இணைப்பில் முடித்துக்கொண்டேன். எஞ்சிய வேலைக்கு இணையம் தேவையில்லை.

தொகுப்பி ஒவ்வொரு சி++ கோப்பையும் தனித்தனியே இயந்திரமொழிக்கு மாற்றி ஒரு பொருட்கோப்பாக எழுதுகிறது. அப்படி ஆயிரக்கணக்கில் சேர்ந்தவற்றை இணைப்பி ஒன்றாகக் கோக்கிறது. எதைச் செய்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பது மேக் என்ற கருவி. அதன் அறிவு ஒரே கேள்விதான்: மூலக்கோப்பைவிடப் பொருட்கோப்பு புதியதா? புதியதென்றால் தாண்டிப் போய்விடும். ஒரு வரியை மாற்றினால் சில நிமிடங்களில் வேலை முடிவது இதனால்தான்.

ஐந்து மணிநேரம் ஓடியபின் மின்சாரம் போனது. திரும்பி வந்ததும் மேக்கை மீண்டும் ஓடவிட்டேன். செய்து முடித்ததையெல்லாம் தாண்டிக்கொண்டு போனது. மகிழ்ச்சி இணைக்கும் கட்டம்வரைதான். ஒரு பொருட்கோப்பின் வடிவமே புரியவில்லை என்று இணைப்பி நின்றுவிட்டது.

அந்தக் கோப்பைப் பார்த்தேன். பெயர் இருந்தது, நேரம் இருந்தது, அளவு பூச்சியம். என் கணினியின் இயங்குதளமான லினக்ஸ், எழுதியதை உடனே வன்தட்டுக்கு அனுப்பாமல் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருக்கும். மின்சாரம் அந்த இடைவெளியில் போனதால் கோப்பின் பெயர் மட்டும் தட்டில் பதிந்து, உள்ளடக்கம் தொலைந்திருக்கிறது. மேக்குக்கோ நேரம் புதியது. எனவே வேலை முடிந்தது. கிட் உள்ளே இருப்பதைப் பார்த்துப் பெயரிடுகிறது, மேக் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்பார்கள். ஐந்து மணிநேரத்தை மழைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பூச்சிய அளவுள்ள பொருட்கோப்புகளை மட்டும் தேடினேன்: நான்கு. அவற்றை அழித்தேன். இல்லாத கோப்பு புதியதாக இருக்க முடியாதல்லவா? மேக் அந்த நான்கையும் மறுபடி செய்துவிட்டு மேலே போனது. சிகாஷ் என்ற துணைக்கருவியையும் அன்றே நிறுவிக்கொண்டேன். அது மேக்கைப் போல் நேரத்தை நம்பி இராமல், நிரலின் உள்ளடக்கத்தையும் தொகுப்பிக்கான கட்டளைகளையும் குறியாக்கி, முன்பு செய்த அதே வேலையென்றால் சேமித்ததை எடுத்துத் தரும்.

இரவு பத்து மணிக்கு கட்டிய மென்பொருள் இருக்கும் இன்ஸ்ட்டிர் கோப்புறையிலிருந்து, நிறுவாமலே, எழுதுவானை (ரைட்டர்) திறந்தேன். முதலில் தட்டச்சிட்ட சொல் 'கொட்டகலை'. நினைவகத்தில் ககரத்துக்குப் பின்னால் ஒரே குறியாக இருக்கும் ஒகரத்தைப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைப்பது ஹார்ப்பஸ் நூலகம். அட்டனில் இறக்கியவற்றில் அதுவும் ஒன்று. கொம்பு சரியான இடத்தில் இருந்தது. வெளியே மழை விடவில்லை. சேமித்துவிட்டுக் கணினியை அணைத்தேன்.