பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத உறுமல்

தெரு அடங்கிய பிறகு, தூரத்தில் டீசல் லாரி ஒன்று இன்ஜினை அணைக்காமல் நிற்பதுபோல ஓர் உறுமல். அருகில் படுத்திருப்பவருக்கோ ஒன்றுமே கேட்காது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துத் தாவோஸ் ஊரில் இப்படிப் புகார்கள் பெருகி, 1993இல் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். கேட்பதாகச் சொன்னவர்கள் சுமார் 2 சதவீதம் பேர். கருவிகளில் காரணம் சிக்கவில்லை. அதே நாட்டின் இண்டியானா மாநிலத்துக் கோகோமோ ஊரில் 2003இல் சிக்கியது: ஓர் ஆலையின் குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து 36 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 36 அதிர்வுகள்) ஒலி, இன்னொன்றின் கம்ப்ரசரிலிருந்து 10 ஹெர்ட்ஸ். அவற்றை அடக்கிய பிறகும் சிலருக்கு உறுமல் ஓயவில்லை. ஒரே ஊரில் ஒருவருக்கு வெளியிலிருந்தும் இன்னொருவருக்குக் காதுக்குள்ளிருந்தும் வரலாம். அவரவர் வீட்டில்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒலியின் பலத்தை டெசிபலில் சொல்வார்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழ 2, 3 டெசிபல் போதும். 31.5 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 60 டெசிபல் வேண்டும். இந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும். எல்லையைத் தாண்டியதும் சில டெசிபல் கூடினாலே சத்தம் பலமடங்காகத் தோன்றும். ஒருவர் தூக்கமிழக்க, மற்றவர் நிம்மதியாக உறங்குவது இதனால்தான். அதைப் பிரமை என்று ஒதுக்குவது அநியாயம்.

புகாரின் பேரில் ஒலியை அளக்க வருபவர், காதின் உணர்திறனுக்கேற்பத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் காட்டும் வழக்கமான ‘ஏ’ எடை முறையில் அளந்தால் ஏமாந்துபோவார். அந்த முறை 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபலைக் கழித்துவிடும். உண்மையான 65 டெசிபல் வெறும் 26 என்று காட்டும். எதையும் கழிக்காத ‘இசட்’ எடையில், மூன்றிலொரு ஆக்டேவ் பட்டைகளாக (குறுகிய அதிர்வெண் பகுதிகளாகப் பிரித்து), 10 ஹெர்ட்ஸிலிருந்து இரவில் பதியச் சொல்லுங்கள். கைபேசிச் செயலிகளை இதற்கு நம்ப முடியாது.

அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது: மெயின் ஸ்விட்சை அணைத்து, இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். ஃபிரிட்ஜோ பம்ப்போ காரணமென்றால் அப்போதே தெரிந்துவிடும். பிறகு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை மெதுவாக நடங்கள். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.6 மீட்டர், 4.3 மீட்டர் நீள அறையில் பாதி அலை கச்சிதமாகப் பொருந்தி, சுவரோரம் உரக்கவும் நடுவில் மெல்லவும் கேட்கும். சுவரை ஒட்டித்தானே கட்டில் போடுகிறோம்! நடக்கும்போது ஏற்ற இறக்கம் இருந்தால் ஒலி வெளியிலிருந்து வருகிறது. கட்டிலை நகர்த்தினாலே கொஞ்சம் ஆறுதல். எங்கே நின்றாலும், வேறு ஊருக்கே போனாலும் மாறவில்லையென்றால், வெளியே ஒலி இல்லாமலே காதுக்குள் கேட்கும் காதிரைச்சலாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இன்னும் உறுதியாகத் தெரிய, தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரில், வேண்டிய ஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும் டோன் ஜெனரேட்டரை இணைத்து, 30 ஹெர்ட்ஸிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வெளியே 40 ஹெர்ட்ஸ் இருந்து நீங்கள் 41 வைத்தால், நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கித் துடிக்கும். காதிரைச்சல் பொதுவாக இப்படித் துடிக்காது. சிறிய ஸ்பீக்கரில் இந்தச் சோதனை பலிக்காது. 40 ஹெர்ட்ஸே அதில் வராது.

ஜன்னலைச் சாத்துவது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். கண்ணாடி தடுப்பது தெருவின் கீச்சொலிகளை. உறுமல் உள்ளே வந்துவிடும், மூடி மறைக்க வேறு சத்தமும் இருக்காது. சுவரில் ஒட்டும் ஃபோம் பலகைக்கும் செலவழிக்க வேண்டாம்: 40 ஹெர்ட்ஸை நன்றாக உறிஞ்ச, கால் அலைநீளமான இரண்டு மீட்டர் தடிமன் தேவைப்படும். மின்விசிறியோ, பெரிய ஸ்பீக்கரில் மழைச் சத்தமோ ஓடவிட்டுத் தூங்குவதுதான் வெளியிலிருந்து வரும் உறுமல், காதிரைச்சல் இரண்டுக்கும் உதவும்.