உமி உடையக் கூடாது

"பார்லியை மிக்ஸியில் போட்டு நைஸாக அரைத்தால் சர்க்கரை கூடுதலாக இறங்குமே, எதற்கு உருளை மில், அதில் எதற்கு இடைவெளிக் கணக்கு?" வீட்டிலேயே பியர் தயாரித்துப் பார்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது.

பாதி சரிதான். முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் மால்ட். மாவுச்சத்தும் அதை உடைக்கும் அமைலேஸ் நொதிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறினால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். துகள் சிறுத்தால் பரப்பு கூடும், வேலை சீக்கிரம் முடியும். எல்லாம் பள்ளிப்பாடம். சிக்கல் அப்புறம்தான்: அந்த இனிப்பு நீரைச் சக்கையிலிருந்து எப்படி வடிப்பது?

பாத்திரத்தின் அடியில் இருக்கும் துளைத்தட்டு வடிகட்டும் என்று நினைப்போம். அது சக்கையைத் தாங்குகிறது, அவ்வளவுதான். உண்மையில் வடிகட்டுவது உமி. உடையாத உமிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கையில் நடுவே சந்துகள் விடுகின்றன. நீர் அதில் இறங்கும், குருணை தங்கிவிடும். இப்படித் துகள்கள் குவிந்த படுகை வழியே நீர் இறங்கும் வேகத்துக்கு 1856-ல் விதி எழுதியவர் ஆன்றி டார்சி, பிரான்சின் திஜோன் நகரத்துப் பொறியாளர். அவர் சோதித்தது மணல். பின்னால் வந்தவர்கள் போட்ட கணக்குப்படி துகளின் விட்டம் பாதியானால் வேகம் ஏறக்குறைய கால்வாசியாகும். பத்தில் ஒன்றானால் நூறில் ஒன்று. மிக்ஸி மாவு சேறாகி, குழாயைத் திறந்தாலும் சொட்டாமல் நிற்பது இதனால்தான்.

ஆக, உள்ளே நொறுங்க வேண்டும், வெளியே முழுசாக இருக்க வேண்டும். ஒரே மணியில் இது எப்படி முடியும்? முளைக்கும்போதே பாதி வேலை நடந்துவிடுகிறது. நொதிகள் உள்ளிருக்கும் செல் சுவர்களைக் கரைத்துவிடுவதால் பருப்பு பொடபொடவென்று ஆகிவிடும். கடித்துப் பாருங்கள்: மால்ட் பல்லில் பொடிகிறது, முளைக்காத பார்லி பல்லைப் பதம் பார்க்கிறது. உமியோ நார். மிக்ஸியின் பிளேடுக்கு இரண்டும் ஒன்று, எல்லாவற்றையும் வெட்டும். உருளைகள் நசுக்க மட்டுமே செய்யும். ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளிக்குள் 2.5 மி.மீ. மணி நுழையும்போது பருப்பு வெடிக்கும், உமி வளைந்து கொடுத்துப் பிளக்கும்.

இதை இன்னும் அழகாகச் செய்ய ஒரு வித்தை உண்டு. மால்ட்டில் ஈரம் 4, 5 சதவீதம்தான், உமி மொறுமொறுவென்று இருக்கும். அரைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு 5 கிலோவுக்கு 100 மில்லி தண்ணீர் தெளித்துப் புரட்டுங்கள். ஈரம் உமியோடு நின்றுவிடும், பருப்புக்குள் போக நேரமில்லை. நான் முதல் தடவை இப்படி அரைத்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். உமியெல்லாம் காலிப் படகு படகாக, அடியில் வெள்ளைக் குருணை. தண்ணீர் கூடிப்போனால் மட்டும் உருளையில் பசையாக அப்பிக்கொள்ளும்.

உமியைத் தூளாக்கினால் துவர்ப்பும் எளிதில் இறங்கும், அதிலும் நீரின் பிஎச் (அமிலத்தன்மையைச் சொல்லும் எண்; கூடினால் அமிலம் குறைவு) 6-ஐத் தாண்டினால் கேட்கவே வேண்டாம். அந்த பிஎச் அளவுகோலே பியர்க்காரர்கள் தந்ததுதான்: 1909-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் பியர் நிறுவன ஆய்வகத்தில் வேதியியலாளர் சோரன்சன் உருவாக்கியது.

கோதுமைக்கு உமி கிடையாது. அதனால் அது அதிகம் சேரும் பியருக்கு நெல் உமியைக் கலப்பார்கள். துணிப்பையில் கட்டி ஊறவைப்பவர் என்றால் வடிகட்டுவது துணி. அப்போது வாசகர் சொல்வதுபோல் இன்னும் நைஸாக அரைக்கலாம். எப்படி அரைத்தாலும் நொதிக்கும் பாத்திரம் இருக்கும் அறையில் மட்டும் வேண்டாம். தானியத் தூசியில் லாக்டோபாசில்லஸ் என்ற புளிக்கவைக்கும் பாக்டீரியா இருக்கும், பியர் புளித்துவிடும்.