முங்கிச் சாகாத மான் துரத்தினதுல செத்துப் போச்சு

அஸ்ஸாம்ல இருக்கற காசிரங்கா காட்டுல வெள்ளம்னு டிவில காட்டினாலே எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும், பாவம் சார் காண்டாமிருகம்லாம் முங்குதே, ஒரு கரையைக் கட்டி ஆத்துத் தண்ணிய நிறுத்தக் கூடாதான்னு. வனவிலங்கு டாக்டரா நாலு மழைக்காலம் அந்தப் பக்கம் வேலை பாத்தவன் சொல்றேன், வெள்ளத்த நிறுத்தினா காசிரங்காவே இருக்காது.

அது பிரம்மபுத்திராவோட வெள்ளச் சமவெளி. சுமார் 430 சதுர கிமீ தேசியப் பூங்கா, வடக்கே ஆறு, தெற்கே ஹைவே, ஹைவேக்கு அந்தாண்ட கார்பி ஆங்லாங் மலை. ஆறு உள்ள வந்தா வண்டலக் கொட்டிட்டுப் போகும், பீல்னு அங்க சொல்ற ஏரிகள்ல மண்டிக் கிடக்கற ஆகாயத்தாமரைய அடிச்சிட்டுப் போகும், மீனக் கொண்டாந்து விடும். தண்ணி வராமப் போனா ஆளுயரப் புல்காடு கொஞ்சம் கொஞ்சமா மரக்காடா மாறிடும், அப்புறம் காண்டாமிருகம் எதை மேயும்? 2022 கணக்கெடுப்புல 2613 காண்டாமிருகம், அத்தனையும் இந்தப் புல்ல நம்பித்தான் இருக்கு.

பெரிய வெள்ளம் வந்தா நிறைய முங்கிச் சாகுது, அதை இல்லன்னு சொல்லல. ஆனா தப்பிச்சு வெளிய வர்றதுக்கு நடக்கற கதைதான் எனக்கு ஆறாத வயித்தெரிச்சல். யானை முன்னாடியே மலைக்குக் கிளம்பிடும். காண்டாமிருகம் பல நேரம் வனத்துறை கொட்டி வச்ச மண்மேட்டுல குட்டியோட ஏறி நின்னுக்கும். மான்தான் பன்பாரி, ஹல்திபாரி மாதிரி வழித்தடங்கள்ல ஹைவேய கிராஸ் பண்ணியாகணும். வெள்ள நேரத்துல அங்க 40 கிமீ ஸ்பீடுதான், நுழையும்போது நேரம் போட்டு ஒரு சீட்டு குடுப்பாங்க, அந்தப் பக்கம் சீக்கிரமா போய்ச் சேந்தா ஃபைன். நல்ல ஏற்பாடுதான், ஆனா பறந்து போயிட்டு நடுவுல டீ குடிச்சு நேரத்த சரிக்கட்டற டிரைவர நானே பாத்துருக்கேன் (நான் உக்காந்திருந்த வண்டிதான், வெக்கமாத்தான் இருக்கு).

ரோட்டத் தாண்டிட்டா ஆபத்து முடிஞ்சுதுன்னு நெனைப்போம். பன்றிமான்னு ஒண்ணு, தலையக் குனிஞ்சு பன்னி மாதிரி புல்லுக்குள்ள பூந்து ஓடும், அதான் அந்தப் பேரு. ஒருநாள் காலைல நாலஞ்சு பசங்க ஒண்ணத் தூக்கிட்டு வந்தாங்க. காப்பாத்தணும்னு நல்ல எண்ணத்துல அரைமணி நேரம் வயல் வயலா துரத்திப் பிடிச்சிருக்காங்க, நடுவுல செல்ஃபி வேற. உடம்புல ஒரு கீறல் இல்ல. தெர்மாமீட்டர் 107 காட்டுச்சு. வாயத் தொறந்து மூச்சு வாங்குது, பின்னங்கால் வெறச்சுப் போச்சு, கொஞ்ச நேரத்துல மூத்திரம் டிக்காஷன் கலர்ல வந்துச்சு. அதைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

கேப்சர் மயோபதின்னு இதுக்குப் பேரு. பயத்துலயும் ஓட்டத்துலயும் தசை தாங்க முடியாம சிதைஞ்சு, அந்தக் கழிவு ரத்தத்துல கலந்து கிட்னிய அடைச்சிடும், சில சமயம் இதயமே நின்னுடும். டிரிப் போட்டோம், ஈரத்துணி போட்டு சூட்ட இறக்கினோம், சாயங்காலம் போயிடுச்சு. சிலது அன்னைக்கு எழுந்து நடந்துட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சும் சாகும், அதனால துரத்தினவனுக்கு தன்னாலதான் செத்துச்சுன்னே தெரியாது.

உங்க வீட்டுப் பின்னாடி மான் வந்து நின்னா கிட்ட போகாதீங்க, நாயக் கட்டிப் போடுங்க, கூட்டம் சேர விடாதீங்க, வனத்துறைக்கு தகவல் சொல்லுங்க, அவ்ளோதான். தண்ணில தத்தளிக்குது, தூக்கியே ஆகணும்னு வந்தா மொதல்ல கண்ண துணியால மூடுங்க, கண்ணு மறைஞ்சாலே பாதி பயம் அடங்கும். காலக் கட்டி மல்லாக்கப் போடாதீங்க, சாப்பாட்ட வாய்ல திணிக்காதீங்க, யாரும் பேசாதீங்க. தடவிக் குடுக்கறது நாய்க்குத்தான் ஆறுதல், மானுக்கு அது புலி தொடற மாதிரி.

அதே வாரம் வாழைத்தோப்புக்குள்ள இன்னொரு மான் ஒதுங்கி இருக்குன்னு ஒரு அம்மா சொல்லி அனுப்பினாங்க. அவங்களே வேலிப் பக்கம் உக்காந்து வர்றவங்கள எல்லாம் திட்டித் திருப்பி அனுப்பிட்டு இருந்தாங்க. நான் தூரத்துல இருந்து பைனாகுலர்ல பாத்துட்டு ஊசி மருந்து எதையும் எடுக்காம வந்துட்டேன். மறுநாள் விடிஞ்சு போனா சேத்துல சின்னச் சின்னக் குளம்புத் தடம், வரிசையா மலைப் பக்கம் போயிருந்துச்சு.