திபெத்தின் தும்மோ தியானம்: விரலில் ஏறும் சூடும் உடலின் உள்வெப்பமும்

இமயமலைப் பயணத்துக்கு முன் உடற்தகுதிச் சான்று கேட்டு வருகிறவர்களிடம் ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சிரைப்பு, பழைய நெஞ்சுவலி என்று நான் விசாரிப்பது வழக்கம். சில ஆண்டுகளாக அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றும் இதில் சேர்ந்துகொண்டிருக்கிறது. திபெத்தியத் துறவிகள் மூச்சை அடக்கி உடம்பில் சூட்டை எழுப்பிக்கொள்கிறார்களாமே, நாமும் ஒரு மாதம் பழகிக்கொண்டு போனால் குளிரைச் சமாளிக்கலாமா என்பதே அது. கேலியாகக் கேட்பவர் எவரும் இல்லை. கைப்பேசியில் பார்த்த காணொளியை நம்பி, ஏற்கெனவே பயிற்சியைத் தொடங்கிவிட்டுத்தான் பலரும் கேட்கிறார்கள். ஆகவே இதைப் பற்றி ஆய்வகங்களில் அளந்து அறிந்தவை எவை, அவை குளிரில் நிற்கும் ஒருவருக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் பயிற்சியின் பெயர் தும்மோ. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தியச் சித்தர் நாரோபாவின் பெயரால் வழங்கும் ஆறு யோகங்களில் அதுவே அடித்தளமாகக் கருதப்படுகிறது. நாரோபாவிடமிருந்து மார்பாவுக்கும், மார்பாவிடமிருந்து மிலரேபாவுக்கும் சென்று, திபெத்திய பௌத்தத்தின் காக்யூ மரபில் இன்றுவரை குரு வழியாகவே கற்பிக்கப்பட்டு வருகிறது. இடகலை, பிங்கலை, சுழுமுனை என்று நம் சித்தர் பாடல்களில் பழகியவர்களுக்கு இதன் உடற்கூற்று வரைபடம் அந்நியமாகத் தோன்றாது. நடுநாடி ஒன்று, பக்க நாடிகள் இரண்டு, நாபிக்குக் கீழே ஒரு தீப்பொறி என்பதே அங்கும் அமைப்பு. பருத்தித் துணி ஒன்றை மட்டும் உடுத்திக்கொண்டு பனிமலைக் குகைகளில் மிலரேபா குளிர்காலங்களைக் கழித்ததாக அவரது வரலாற்றுக் கதைகள் சொல்லும். காஞ்சொறிச் செடியை மட்டுமே உண்டு அவர் உடல் பச்சை பூத்துப்போனது என்றும் அதே கதைகள் சொல்கின்றன. அந்த உணவில் அவ்வளவு வெப்பத்துக்கு வேண்டிய கலோரி எங்கிருந்து வந்தது என்று கேட்பது மருத்துவரின் தொழில் புத்தி, அதை இங்கே ஓரமாக வைத்துவிடுகிறேன். மரபைப் பொறுத்தவரை சூடு ஒரு பக்க விளைவே; குறிக்கோள் ஞானம். குளிர் தாங்குவதற்காக மட்டும் அதைக் கற்றுக்கொடுக்கும் குருமார் திபெத்திய மரபில் அரிது.

வெளியுலகுக்கு இதைப் பரவலாக அறிவித்தவர் 1924-இல் மாறுவேடத்தில் லாசாவை அடைந்த பிரெஞ்சுப் பயணி அலெக்சாந்த்ரா டேவிட்-நீல். உறைபனி இரவில் சீடர்கள் வெற்றுடம்போடு அமர்ந்து, பனிநீரில் நனைத்த துணிகளை ஒன்றன்பின் ஒன்றாக உடற்சூட்டில் உலர்த்துவார்கள் என்று அவர் எழுதிய காட்சிதான் இன்றும் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. கருவி கொண்டு அளந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. தலாய் லாமாவின் ஒப்புதலோடு ஹார்வர்ட் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சனின் குழு 1981 பிப்ரவரியில் மேல் தர்மசாலாவில் மூன்று துறவிகளிடம் அளவெடுத்து, 1982-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. தியானத்தின்போது கைவிரல், கால்விரல் வெப்பநிலை 8.3 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது என்பதே அதில் பெரிதும் பேசப்பட்ட முடிவு.

இந்த 8.3 என்ற எண்தான் இன்றைக்குப் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். எட்டு டிகிரி உயர்ந்தது உடம்பின் வெப்பநிலை என்றே காணொளிகளில் சொல்லப்படுகிறது. 37 டிகிரி உள்ள உடம்பு எட்டு டிகிரி கூடினால் 45 ஆகிவிடும். அந்நிலையில் எவரும் உயிரோடு இருக்க முடியாது. உயர்ந்தது விரல்நுனித் தோலின் வெப்பம். குளிரில் உடல் முதலில் செய்யும் வேலை கைகால்களின் தோல் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூடான ரத்தத்தை இதயம், மூளை, கல்லீரல் இருக்கும் நடுப்பகுதிக்குள் வைத்துக்கொள்வது. அதனால் சாதாரணமாகவே குளிரில் விரல் 20 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். மனம் அமைதியடைந்து அந்தக் குழாய்கள் விரியும்போது ரத்தம் பாய்ந்து விரல் சூடாகும். இது பெரிய திறமைதான், ஐயமில்லை. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது என்று பாடநூல்கள் சொல்லி வந்த நரம்பு மண்டலத்தின் ஒரு பகுதியை அவர்கள் வசப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் விரலுக்கு வந்தது புதிதாக உண்டான வெப்பம் என்று சொல்வதற்கில்லை. உள்ளே இருந்த வெப்பம் வெளியே இடம் மாறுவதாலும் விரல் சூடாகலாம். அப்படிச் சூடான தோல், வெட்டவெளியில், உடம்பின் வெப்பத்தை இன்னும் வேகமாகக் காற்றுக்கு இழக்கும்.

ஈரத் துணியை உலர்த்தும் காட்சியையும் இதே கண்ணோடு பார்க்கலாம். பென்சன் குழு படமெடுத்தபோது அறையின் வெப்பநிலை ஏறக்குறைய 4 டிகிரி, துணி நனைந்த நீர் 9 டிகிரி, துணி மூன்றடிக்கு ஆறடி. தோளில் போர்த்தியதும் ஆவி கிளம்பி, ஒரு மணி நேர அளவில் துணி உலர்ந்தது. அந்த அளவுள்ள மெல்லிய பருத்தித் துணியைப் பிழிந்தபின் அதில் கால் லிட்டர் நீர் தங்கியிருக்கும் என்று கொள்வோம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக 2,400 கிலோஜூல் வேண்டும். கால் லிட்டருக்கு 600. அதை ஒரு மணி நேரத்தில் கொடுக்க ஏறக்குறைய 170 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் 80 முதல் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது; நன்றாக நடுங்கும் உடல் அதைப்போல நான்கைந்து மடங்கு வரை தரும். ஆகவே அமைதியாக, நடுங்காமல் உட்கார்ந்தபடி இயல்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வெப்பத்தை அந்தத் துறவிகள் உண்டாக்கினார்கள் என்று கணக்கு நிற்கிறது. மலைக்காற்றின் வறட்சியும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். கிளம்பிய ஆவியைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. மார்கழி விடியலில் குளித்துவிட்டு வெளியே வரும் எவர் தோளிலிருந்தும் அது கிளம்பும்.

உள்வெப்பம் உண்மையிலேயே உயர்கிறதா என்ற கேள்வியை நேராக எடுத்துக்கொண்டவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியா கோசெவ்னிகோவ். அவரது குழுவின் ஆய்வு 2013-இல் ‘ப்ளாஸ் ஒன்’ இதழில் வந்தது. கிழக்குத் திபெத்தின் நாங்சென் பகுதியில், கடல்மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கும் மேலே உள்ள கெப்சாக் பிக்குணி மடத்தில், பல்லாண்டுப் பயிற்சி உள்ளவர்களின் அக்குள் வெப்பநிலை அளக்கப்பட்டது. அதிகபட்சம் 38.3 டிகிரி வரை போனது. இலேசான காய்ச்சல் அளவு. நன்றாக ஓடிவந்த ஒருவரின் உள்வெப்பமும் அந்த அளவைத் தாண்டும் என்பதால் எண் வியப்புக்குரியதன்று. உட்கார்ந்த இடத்தில் வந்தது என்பதே வியப்பு.

எப்படி வந்தது என்பதை அந்த ஆய்வு இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. முதலாவது மூச்சு. மூக்கு வழியாக மூச்சை இழுத்து, அதை நாபிக்குக் கீழே அழுத்தி, அடியிலிருந்து இடுப்புத் தளத் தசைகளை மேலே இறுக்கி, மேல்வயிற்றைக் கீழே தள்ளி, வயிறு குடம் போல நிற்கச் சில விநாடிகள் அடக்கிவைக்கிறார்கள். கும்பகமும் மூலபந்தமும் அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அசைவில்லாமல் தசைகளை இறுக்குவதும் உழைப்புத்தான், உழைக்கும் தசை வெப்பம் தரும். இரண்டாவது, நாபிக்குக் கீழே ஒரு சுடர் எரிவதாகவும் மூச்சுக்கு மூச்சு அது நடுநாடி வழியே உச்சந்தலைவரை ஏறுவதாகவும் மனத்தில் காண்பது. தியானப் பின்னணி இல்லாத மேற்கத்தியர்களுக்கு மூச்சை மட்டும் கற்றுக்கொடுத்தபோது அவர்களுக்கும் வெப்பம் ஏறியது. ஆனால் இயல்பான வரம்பைத் தாண்டவில்லை. சுடரைக் காணும் பயிற்சி சேர்ந்தால்தான் அது மேலும் ஏறி நீடிக்கிறது. ஒரு மாதப் பயிற்சியில் ஒருவருக்குக் கைகூடக்கூடியது முதல் பாதி மட்டுமே என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். அந்தப் பாதியும் உட்கார்ந்து, தசையை இறுக்கிக்கொண்டிருக்கும் வரைதான். சுமையைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் நடக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டிருக்க முடியாது.

இணையத்தில் தும்மோ என்ற பெயரில் பரவுவது பெரும்பாலும் தும்மோவே அன்று. நெதர்லாந்தின் விம் ஹோஃப் அதிலிருந்து உந்துதல் பெற்று வகுத்த முறை அது. முப்பது நாற்பது முறை ஆழமாகவும் வேகமாகவும் மூச்சிழுத்து, பிறகு மூச்சை வெளியே விட்ட நிலையில் அடக்கச் சொல்கிறது. தும்மோவில் நுரையீரல் நிறைந்திருக்கும், இதில் ஒழிந்திருக்கும். ஹோஃபையும், குளிர்ப் பழக்கமே இல்லாத அவருடைய இரட்டைச் சகோதரரையும் ஒப்பிட்டு 2014-இல் வந்த ஆய்வில், குளிரில் வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பிலோ உண்டான கூடுதல் வெப்பத்திலோ இருவருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வலிந்து மூச்சுவிடும் தசைகளின் உழைப்பே வெப்பத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

என் கவலை இந்த வேக மூச்சைப் பற்றியதுதான். அப்படி மூச்சுவிட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடிவிடுவதில்லை. கரியமில வாயு குறைகிறது. மூச்சு முட்டும் உணர்வை எழுப்புவது பெரும்பாலும் கரியமில வாயுதான் என்பதால், ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறையும்போதும் மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பு வருவதில்லை. எச்சரிக்கை இல்லாமல் நினைவு தப்பும். வீட்டுப் பாயில் இது நடந்தால் ஒரு நிமிடத்தில் கண் விழிப்பார். தண்ணீருக்குள் நடந்தால் முதல் மூச்சே தண்ணீராகிவிடும். இந்த மூச்சைத் தண்ணீரில் பயின்று மூழ்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஏரியிலோ ஆற்றிலோ குளிர்நீர்த் தொட்டியிலோ இதைச் செய்யாதீர்கள் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. லே நகரின் 3,500 மீட்டர் உயரத்திலும், கைலாய வலத்தில் கடக்க வேண்டிய 5,600 மீட்டரையும் தாண்டிய டோல்மா லா கணவாயிலும் உடல் ஏற்கெனவே கூடுதலாக மூச்சுவிட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கும். அங்கே வரும் தலைசுற்றலும் மரத்துப்போதலும் பயிற்சியின் பலனா, உயரத்தில் ஆக்சிஜன் குறைவால் வரும் மலைநோயின் தொடக்கமா என்று பிரித்தறிவது கடினம். பலன் என்று நினைத்து மேலே ஏறுவதுதான் ஆபத்து.

குடம் போல வயிற்றை இறுக்கும் முறைக்கும் விலக்கு உண்டு. மூச்சை அடக்கி அழுத்தும்போது நெஞ்சிலும் வயிற்றிலும் கண்ணிலும் அழுத்தம் ஏறும். கட்டுப்படாத ரத்த அழுத்தம், இதய நோய், கிளாக்கோமா, விழித்திரைக் கோளாறு, குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே வேண்டாம். என்னிடம் வந்தவர்களில் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மூச்சுப் பயிற்சியை மட்டும் நம்பியிருந்தவர்களும் உண்டு. பயணச் சான்று பிறகு, மாத்திரை முதலில் என்று சொல்லி அனுப்பிவைப்பேன்.

சூடாக உணர்வதும் சூடாக இருப்பதும் வேறு என்பதற்கு மலையில் தினமும் காணக்கிடைக்கும் சான்று மது. ஒரு மிடறு போனதும் முகம் சிவந்து சூடு பரவும். தோல் குழாய்கள் விரிந்து உள்வெப்பம் வெளியேறும். தியானத்தால் விரல் கதகதத்தாலும், கதகதப்பை நம்பிக் கையுறையைக் கழற்றினால் முடிவு அதுவே. உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தாழ்வெப்பநிலை. 32 வரை பொதுவாக நடுக்கம் இருக்கும், அதற்குக் கீழே நடுக்கம் மெல்ல அடங்கிவிடும். நடுக்கம் நின்றதைப் பயிற்சி பலித்ததாக எண்ணிவிடக் கூடாது. மிகக் கீழே போன சிலர், எரிகிறது என்று சொல்லி உடைகளைக் களைவதும் உண்டு.

குழுவில் எவராவது அந்த நிலைக்குப் போகிறாரா என்று அறிய, பையில் வைத்திருக்கும் சாதாரணப் பாதரச வெப்பமானியை நம்ப வேண்டாம். அதன் அடிக்கோடே 35 டிகிரியில், அதாவது பாரன்ஹீட் கணக்கில் 94, 95-இல்தான் தொடங்குகிறது. உடல் 31-க்குப் போயிருந்தாலும் அது அடிக்கோட்டுக்குக் கீழே எதையும் காட்டாது. ஆளைப் பாருங்கள். பேச்சு குழறுகிறதா, ஜிப்பைப் போடத் தெரியாமல் விரல் தடுமாறுகிறதா, நேர்கோட்டில் பத்து அடி நடக்க முடிகிறதா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் எரிந்து விழுகிறாரா? ஒன்று இருந்தாலும் நடையை நிறுத்தி, காற்றுப் படாத இடத்தில் கிடத்தி, ஈர உடையை மாற்றி, தரைக்கும் உடம்புக்கும் இடையே பாய் விரித்து, நெஞ்சுப் பகுதியை முதலில் போர்த்துங்கள். தெளிவாக விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள், மது வேண்டாம். மூச்சுப் பயிற்சி செய்து பார் என்று அந்த நேரத்தில் எவரும் சொல்லக் கூடாது. கீழே இறக்குவதற்கான ஏற்பாட்டை உடனே தொடங்க வேண்டும்.