ஆவணக் கருவிக்கு அட்மின் பாஸ்வேர்ட் எதற்கு?

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கு டேட்டாபேஸ் வேலை செய்து வருகிறேன். பல ஆலைகளில் கொள்முதல் மென்பொருளை எழுதியவர் தொடர்பிலேயே இல்லை. எந்த டேபிளில் என்ன இருக்கிறது என்று ஒரு தாள்கூடக் கிடையாது. "ஏதோ டூல் இருக்காமே சார், சர்வர் பாஸ்வேர்டைக் கொடுத்தா அதுவே டாக்குமெண்ட் போட்டுடுமாம்" என்று கேட்கிறார்கள். போடும்தான். ஆனால் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுப்பதற்கு முன் கருவி எதைப் படிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸ், தன் அமைப்பைப் பற்றிய விவரங்களையும் டேபிள்களாகவே வைத்திருக்க வேண்டும் என்பது இந்த முறையை உருவாக்கிய எட்கர் காட் 1985இல் சொன்ன விதிகளில் ஒன்று. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய மூன்று டேட்டாபேஸ் மென்பொருள்களிலும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்ற பெயரில் அந்த விவரம் கிடைக்கும். ஸ்கீமாஸ்பை, டிபீவர் போன்ற கருவிகள் அடிப்படையில் இப்படிப்பட்ட பட்டியலைப் படித்துத்தான் டேபிள், காலம் (column, டேபிளின் நெடுவரிசை), கீ (வரியை அடையாளம் காட்டும், டேபிள்களை இணைக்கும் காலம்) எல்லாவற்றையும் அடுக்கித் தருகின்றன. விவசாயியின் பெயரோ வங்கிக் கணக்கோ அதற்குத் தேவையே இல்லை.

அப்படியிருக்க எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்', 'எஸ்ஏ' அட்மின் கணக்குகளின் பாஸ்வேர்டை ஏன் கொடுக்க வேண்டும்? எஸ்க்யூஎல் சர்வரில் தனியாக ஒரு யூசர் உருவாக்கி, 'வியூ டெஃபினிஷன்' அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். அமைப்பு தெரியும், உள்ளே இருக்கும் வரிகள் தெரியாது. மைஎஸ்க்யூஎல்லில் இவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியாது. அங்கே நான் செய்வது, டேட்டா இல்லாமல் அமைப்பை மட்டும் டம்ப் (கோப்பாக நகல்) எடுத்து, வேறொரு கணினியில் ஏற்றி, கருவியை அதோடு இணைப்பது. போஸ்ட்கிரெஸிலும் இப்படி எடுக்கலாம். ஆலை சர்வரைக் கருவி தொடவே தொடாது. மண்டிக்காரர், விவசாயி ஆகியோரின் ஆதார், செல்போன் எண்கள் இருக்கும் டேட்டாபேஸுக்கு இதுதான் சரி. சில கருவிகள் ஒவ்வொரு காலத்திலிருந்தும் மாதிரி மதிப்புகளை எடுத்து ஆவணத்திலேயே போட்டுவிடும். அந்த வசதியை முதலில் அணைத்துவிடுங்கள்.

நேரடியாகத்தான் இணைக்க வேண்டுமென்றால் கருவியை ஆலை நெட்வொர்க்குக்குள்ளேயே ஓட்டுங்கள். வெளியிலிருந்து இணைவதற்காக ரவுட்டரில் எஸ்க்யூஎல் சர்வருக்கான 1433, மைஎஸ்க்யூஎல்லுக்கான 3306 போர்ட்டுகளை (இணைப்பு வாசல்களை) திறந்து விடுவது பெரிய ஆபத்து. திறந்த போர்ட்டைத் தேடி இணையம் முழுக்க ஸ்கேன் செய்துகொண்டே இருக்கிறார்கள். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் இணைப்பே வரவில்லையா? நெட்வொர்க் வழியாக இணைவதற்கான டிசிபி ஐபி வசதி அதில் இயல்பாக அணைந்திருக்கும், அதைப் பாருங்கள்.

கருவி அமைப்பைப் படித்து முடித்ததும் (இதுதான் இம்போர்ட்) டேபிள் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். அனுமதி இல்லாத டேபிள் பட்டியலில் வராது, பிழைச் செய்தியும் காட்டாது. கருவி வரையும் படத்தில் டேபிள் பெட்டிகள், உறவைக் காட்டும் கோடே இல்லாமல் தனித்தனியாக நின்றால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். பழைய மைஎஸ்க்யூஎல் டேபிள்கள் மைஐசாம் என்ற பழைய சேமிப்பு வகையாக இருக்கலாம், அதில் ஃபாரின் கீ (ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைக்கும் கீ) எழுதினாலும் பதிவாகாது. அந்த உறவுகளை நாம்தான் கையால் சேர்க்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. கொள்முதல் டேபிளில் 'நெட்1', 'நெட்2' என்று இரண்டு காலம் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் தசம எண் என்பதோடு கருவி நின்றுவிடும். நெட்1 என்பது லோடு வண்டி எடையில் வெறும் வண்டி எடையைக் கழித்தது; நெட்2 என்பது அழுகல், பிஞ்சுக்கான கழிவும் போனபின் பணம் கணக்கிடும் எடை. இதைச் சொல்லக்கூடியவர் எடைமேடையில் உட்கார்ந்திருப்பவர். கிலோவா டன்னா, ரகம் 1 பெங்களூராவா அல்போன்சாவா, ஸ்டேட்டஸ் 9 என்றால் திருப்பி அனுப்பிய லோடா என்பதும் அவருக்குத்தான் தெரியும். அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அது யாருக்கும் தெரியாமல் போகும், விவசாயிக்குக் கொடுக்கும் தொகை தப்பாகும். இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம்.

அவர் சொல்வதைக் கருவியில் மட்டும் எழுதாமல், டேட்டாபேஸிலேயே காலத்துக்கான குறிப்பாக எழுதுங்கள். அடுத்த முறை எந்தக் கருவியில் இம்போர்ட் செய்தாலும் அது கூடவே வரும். மைஎஸ்க்யூஎல்லில் மட்டும் ஒரு எச்சரிக்கை: குறிப்பை மாற்ற, காலத்தின் முழு வரையறையையும் திரும்ப எழுத வேண்டும். 'நாட் நல்' (காலியாக விடக்கூடாது என்ற கட்டுப்பாடு), டிஃபால்ட் மதிப்பு இவற்றை விட்டுவிட்டால் அவை டேபிளிலிருந்தே போய்விடும். பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

மே மாதம் சீசன் சூடு பிடித்துவிட்டால் எடைமேடைக்காரருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சிலேயே அவரோடு உட்கார்ந்து முடித்துவிடுங்கள். முடிந்ததும் கருவிக்காக உருவாக்கிய யூசரை நீக்கிவிடுங்கள்.